பழியைப் பானைமேல் இட்டவர்

வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் 'வெண்ணெய்' என்ற சொல்லை வாயால் உச்சரிக்கக் கூடாது என்பது அவருடைய முதற் சட்டம். "மேல வருதுங்க" என்பார். சற்றுப் பொறுத்து, "வந்திருச்சுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. காரணம் கேட்டவர்களுக்கு, "அது கூச்சப்படுமுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப உள்ளுக்குப் போயிடும்" என்று மிகுந்த நிதானத்தோடு விளக்குவார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். கேட்டவர்களும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஜெயபுரத்தில் எங்கள் ஒழுங்கையின், அந்தச் சிறு தெருவின், கடைசி வளவு அவருடையது. ஊரார் எல்லோருக்கும் அவர் 'தயிரக்கா'. வயதில் நான் அவருக்கு மூத்தவன் என்றாலும் நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஏழு வயது. நாற்பது ஆண்டுகள் எங்கள் நடுவே வாழ்ந்தும் மலைநாட்டுப் பேச்சின் 'ங்க' அவரை விட்டு அகலவில்லை. எங்களுடைய 'ஓம்' மட்டும் இடையில் வந்து குடியேறியிருந்தது. இப்போது மகளோடு கனகராயன்குளத்தில் வசிக்கிறார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார்.

அவர் தயிர் கடையும் முறையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல இயலாது. கொட்டிலின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு பாலை மரக் கட்டை நாட்டப்பட்டிருக்கும். அதன் அருகே பானை. பானைக்குள் நிற்கும் மத்தைக் கட்டையோடு சேர்த்து இரண்டு வளையங்கள் பிடித்திருக்கும். மத்தின் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றின் இரு நுனிகளையும் இரு கைகளில் பற்றி, மாறி மாறி இழுப்பார். இழுக்கும்போது பானைக்குள் பார்க்கவே மாட்டார். கண் வேலியோரத்து மாடுகளின்மேல் இருக்கும். காது மட்டும் பானையில் இருக்கும். தயிர் உடைந்து சளசளக்கும் ஓசை மெல்ல மெல்லக் கனத்து, ஏதோ ஒன்று மத்தில் முட்டுவதுபோல் 'தொப், தொப்' என்று மாறும். அந்தக் கணத்தில் கயிற்றை விட்டுவிடுவார். திரண்டதில் முதல் விரலளவை எடுத்துக் கட்டையின் உச்சியில் அப்புவார். அது சாமிக்கு. பொழுதுபட்ட பின் யாராவது தயிர் வாங்க வந்தால் கிண்ணத்துக்குள் ஒரு துண்டு கரி போடாமல் கொடுத்தனுப்ப மாட்டார். கடைகின்ற இடத்தில் யாரேனும் சண்டை பிடித்தால் உடனே கையை நிறுத்திவிடுவார். "முடிச்சிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்" என்பார். சண்டைக்காரர்களுக்கு வெட்கமாகிவிடும்.

இவ்வளவு நம்பிக்கைகளையும் கட்டிக் காத்த அந்த அம்மையார் ஒன்றை மட்டும் நம்ப மறுத்தார். வெண்ணெய் திரளாமற் போனால் அதற்கு ஒரு மனிதர் காரணம் என்பதை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை.

எங்கள் ஊரிலோ அதுதான் முதல் நம்பிக்கை. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, மறுபடி மாடு சேர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் மத்துச் சத்தம் கேட்கத் தொடங்கிய காலத்தில், வெண்ணெய் வராத வீடுகளும் பெருகின. வராத வீட்டில் நாவூறு என்பார்கள், கண்ணூறு என்பார்கள். கடைசியாக யார் வந்து பானையைப் பார்த்தது என்று விசாரணை நடக்கும். அப்படி நடக்கும்போதெல்லாம் யாராவது ஓடிப்போய்த் தயிரக்காவை அழைத்து வருவார்கள்.

ஒரு மார்கழி மாதம், மழை விட்ட காலைப் பொழுது. மேற்கு வளவு வீட்டில் இரண்டு நாட்களாக வெண்ணெய் இல்லை. முந்திய நாள் மோர் கேட்டு வந்த கைம்பெண் ஒருவர், "அடேயப்பா, எவ்வளவு தயிர்!" என்று சொல்லிவிட்டாராம். அது போதாதா? அந்தப் பெண் நடந்துபோன பாதையில் காலடி மண் எடுத்து, மிளகாயும் உப்பும் சேர்த்துச் சுற்றி எரிக்க எல்லாம் தயாராக இருந்தது. வேலி அடைக்கக் கதியால் கேட்டுப் போன நானும் அங்கே நின்றேன். தயிரக்கா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டின் உட்புறத்தைத் தயிரில் ஒரு கணம் வைத்து எடுத்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி வைங்கம்மா."

வந்த தண்ணீரைப் பதமாக விளாவிப் பானைக்குள் ஊற்றினார். கயிற்றைப் பிடித்தார். சுருட்டுப் புகைத்து முடிக்கும் நேரத்துக்குள் ஓசை மாறிவிட்டது.

"அப்ப அவவின்ர கண் இல்லையோ?" என்று வீட்டுக்காரி கேட்டாள். குரலில் சிறிது ஏமாற்றமும் இருந்தது.

"கயிறுங்கம்மா. மழையில நனைஞ்சு வழுக்குது. கயித்தை மாத்திடுங்க."

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். "தயிரக்கா, கயிறு காய்ஞ்சுதானே கிடந்தது?"

"ஓம் ஐயா. காய்ஞ்சுதான் இருந்துச்சு."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"குளிருக்கு இறுகிப்போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. போன கிழமையும் குளிர்தானே, அப்ப வந்துச்சேன்னு கேப்பாங்க. ஏதாவது ஒன்னு மேல பழியைப் போட்டாத்தான் அவங்களுக்கு நிம்மதி. அதான் கயித்து மேல போட்டேன். கயித்துக்கு அழத் தெரியாதுங்களே."

அதன் பின்னர் நான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு வீட்டில் பானை வாய் குறுகியது என்பார். இன்னொரு வீட்டில் கட்டை சாய்ந்து நிற்கிறது என்பார். கிணற்று நீரில் உப்பு, கூரையில் பல்லி, தெற்கே திரும்பிய காற்று என்று அவர் கண்டுபிடித்த குற்றவாளிகளுக்குக் கணக்கில்லை. பங்குனி வெயிலில் குளிர்ந்த தண்ணீரை விட்டுச் சீர்செய்துவிட்டு, பழியை ஒரு மூடியின்மேல் போட்டுவிட்டு வருவார். சந்திக் கடையில் இளந்தாரிகள், "இண்டைக்கு ஆரைப் பிடிச்சு மறியலிலை போட்டனீங்கள், தயிரக்கா?" என்று பகிடி பண்ணுவார்கள். "இன்னிக்கு மூடிதாங்க. ஆயுள் தண்டனை" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார். "உவ சொல்லுறதெல்லாம் பொய்" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. பொய்தான். ஆனால் அந்தப் பொய்களால் எங்கள் ஒழுங்கையில் எத்தனை பெண்கள் தலைகுனியாமல் நடந்தார்கள் என்பதை நான் அறிவேன்.

தன்மேல் வந்த பழியையும் அவர் அவ்வாறே திருப்பிவிட்டார். அதை எழுதுவது எனக்கு எளிதன்று. அம்மன் கோயில் பொங்கலுக்கு விளக்கு நெய் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். அந்த ஆண்டு அவரும் ஒரு போத்தல் நெய் கொண்டுவந்தார். முருங்கையிலை போட்டு உருக்கிய பொன்னிற நெய். வாங்கும் இடத்தில் இருந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அவையின்ர கையாலை உருக்கினதோ?" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. 'அவை' என்றது மலைநாட்டிலிருந்து வந்தவர்களை. கோயிற் சபைச் செயலாளனாக இருந்த நான் குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் வாசிக்க ஒன்றுமே இல்லை.

தயிரக்கா போத்தலைத் திறந்து முகர்ந்தார். "அடடா, கொஞ்சம் தீஞ்சு போச்சுங்க. வாசம் சரியில்லை. சாமிக்கு ஆகாது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறு ஆண்டு நானே அவர் வாசலுக்குப் போய் நெய் கேட்டேன் என்று எழுத ஆசைதான். அவ்வாறு நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் புதிய சபை வந்தது. நெய் கேட்டவர்கள் அவர்களே.

இனி, என் வீட்டில் நடந்தது.

என் மகன் கொழும்பில் வேலை செய்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதம், ஒட்டுசுட்டானிலிருந்து எங்களுக்கு மருமகள் வந்தாள். குறைவாகப் பேசுகிற, கையில் எடுத்த வேலையை முடிக்காமல் வைக்காத பிள்ளை. மாசி பிறந்ததும் மாலைப் பாலைக் காய்ச்சி உறைமோர் ஊற்றும் பொறுப்பை என் மனைவி அவளிடம் கொடுத்தாள். காலையில் அந்தத் தயிரைக் கடைபவள் மனைவி. பங்குனியில் வெண்ணெய் குறையத் தொடங்கியது. முதலில் தேசிக்காய் அளவாயிற்று. பின்னர் பாக்களவு. அதன் பின் மத்தில் ஒட்டுவதற்கும் இல்லை.

"என்ர கையாலை ஊத்தின காலத்திலை ஒரு நாளும் பிழைச்சதில்லை" என்றாள் மனைவி, முதலில் என்னிடம். பிறகு வேலிக்கு மேலால் அயலவரிடம். அடுத்த கிழமை 'கை ராசி' என்ற சொல் எங்கள் குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மருமகள் கிணற்றடியில் நின்று முகம் கழுவும் நேரம் நீண்டது. கண்கள் சிவந்து வருவாள்.

உண்மை எனக்குத் தெரியும். கிளிநொச்சி ஆசுபத்திரியில் டொக்டர் எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று சொல்லி, நெய், வெண்ணெய் யாவற்றையும் விலக்கியிருந்தார். மனைவி அந்தக் கட்டளையை அவரைவிடக் கடுமையாக நிறைவேற்றினாள். நான் விடியற்காலையில் எல்லோருக்கும் முன் எழுபவன். பானையின் மூடியைத் திறந்து, தயிரின்மேல் தடித்துப் படிந்திருக்கும் ஏட்டை வழித்துச் சீனி தூவிச் சாப்பிடுவேன். தொடக்கத்தில் ஒரு கரண்டி. போகப் போக முழுவதும். ஏடு உடைந்தது தெரியாதிருக்க மத்தை இரண்டு தரம் சுழற்றி வைத்து, மூடியை மூடிவிடுவேன். மாடும் வற்றத் தொடங்கியிருந்த காலம். இருந்த சிறிதளவு கொழுப்பும் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாளில் இந்தக் கதை அடங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். அடங்கவில்லை. ஒரு மாலை மனைவி சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு உங்களோட வைச்சிருங்கோ" என்று சொல்வதைக் கேட்டேன். மணம் முடித்து மூன்று மாதத்தில் இப்படி அனுப்பப்படும் பெண்ணைப்பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் போய்ச் சேருமுன் அவளுடைய ராசியைப்பற்றிய கதை ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போனவள் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்?

மறுநாட் காலை, யாரிடமும் கேளாமல், மருமகளே போய்த் தயிரக்காவை அழைத்து வந்தாள்.

நான் என் வேலையை முடித்து மூடியை மூடிய சிறிது நேரத்தில் அவர் வந்தார். மூடியைத் திறந்தார். தயிரைப் பார்க்கவில்லை. பானையின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். மூன்று பக்கம் ஏடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"வீட்டுல பூனை இருக்குங்களா அம்மா?"

"உந்தச் சனியனுகளை நான் வளவுக்குள்ளை அண்ட விடுறேல்லை" என்றாள் மனைவி.

"சரிங்க. நாளைக்கு வாறேன். இன்னிக்கும் புள்ளையே உறை ஊத்தட்டும்."

"இல்லை. இண்டைக்கு நான் ஊத்திப் பாக்கப்போறன். உண்மை தெரியட்டும்."

படலைவரை அவரோடு நடந்தேன். படலையைத் திறந்துகொண்டே, என்னைப் பாராமல், "பூனைன்னா மூடியைத் திரும்ப மூடிட்டுப் போகாதுங்க ஐயா" என்றார். போய்விட்டார்.

அடுத்த விடியலில் நான் பானையின் பக்கமே போகவில்லை. அது நல்லது என்றுதான் நினைத்தேன். அச்சத்தில் இருப்பவனுக்கு அதற்கு மேல் அறிவு ஓடுவதில்லை.

தயிரக்காவின் கையில் மத்து சுழன்றது. வெயில் ஏறுமுன் ஓசை கனத்துவிட்டது. மாதுளம்பழம் அளவில் வெண்ணெய் மிதந்தது.

"பாத்தியளோ!" என்று மனைவி கையைத் தட்டினாள். "ஒரு நாள் அவளின்ர கை படேல்லை. வந்திட்டுது! நான் சொன்னா என்னைக் கொடுமைக்காரி எண்டுவியள்."

குசினி வாசலில் நின்ற மருமகள் உள்ளே போனாள். பையின் சிப் இழுபடும் ஓசை கேட்டது.

என் அச்சம் அவளுக்குத் தீர்ப்பாகிவிட்டது. நான் தயிரக்காவையே பார்த்தேன். பானை என்று சொல்லுங்கள், கயிறு என்று சொல்லுங்கள், பல்லி என்றாவது சொல்லுங்கள் என்று என் உள்ளம் மன்றாடியது. மனைவியும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"சொல்லுங்கோ தயிரக்கா. இண்டைக்கும் பானையிலையோ பிழை?"

"பானையில ஒரு பிழையும் இல்லீங்கம்மா."

"அப்ப கயிறு?"

"கயிறும் நல்லாத்தான் இருக்கு." கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். "முதல்லயே கூப்பிட்டிருந்தா நான் எதையாவது சொல்லியிருப்பேன். அந்தப் புள்ள ஒரு கிழமையா அழுதிருக்கு. இப்ப நான் பானையைச் சொன்னா, பாவம் பார்த்துச் சொல்றேன்னுதான் நீங்க நினைப்பீங்க. அந்தப் பேரு புள்ளை மேலயே நிக்கும். நான் சொல்றதுக்கு ஏதுமில்லீங்க."

அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தில் அமர்ந்து, மத்தின் தண்டிலிருந்து கயிற்றைக் கழற்றி, கையில் சுற்றத் தொடங்கினார். அது ஒரு நிமிட வேலை. அவர் அதை மிக மெதுவாகச் செய்தார். சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். யாருக்காக அந்த நேரம் நீட்டப்படுகிறது என்பது எனக்கு விளங்கியது.

மருமகள் பையோடு வெளியே வந்தாள். "மாமி, போட்டு வாறன்."

"ஏட்டை நான்தான் சாப்பிட்டனான்" என்றேன்.

"என்ன?" என்றாள் மனைவி.

"விடிய எழும்பி, சீனி தூவி. ஒவ்வொரு நாளும். இண்டைக்கு மட்டும் சாப்பிடேல்லை. அதுதான் வந்தது."

"டொக்டர் என்ன சொன்னவர்! நான் கறிக்கு எண்ணெய் விடாமல் உங்களுக்கெண்டு புறிம்பாச் சமைக்கிறன். சீனியும் போட்டோ? சீனியும் போட்டோ திண்டனீங்கள்?" என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுடைய கண் மருமகளின் கையிலிருந்த பையில் போய் நின்றது. அவள் முகம் அப்படி வாடியதை முன்பு நான் கண்டதில்லை.

மருமகள் என்னைப் பார்த்தாள். "ஏட்டைச் சாப்பிட்டது பறவாயில்லை மாமா. ஒரு கிழமையா நான் அழுதுகொண்டு திரிஞ்சனான். நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

"பிள்ளை, பையை உள்ளுக்கு வை அம்மா" என்றாள் மனைவி.

"இல்லை மாமி. அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். போறன். வியாழக்கிழமை வருவன்." பானைப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த வெண்ணெயைத் தாங்கோ. அம்மாவிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கோணும்."

மனைவி ஒரு கிள்ளும் மிச்சம் வையாமல் முழுவதையும் டப்பாவில் போட்டு, வாழையிலையால் மூடிக் கட்டிக் கொடுத்தாள். மருமகள் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் வரும்வரைக்கும் நீங்கள் உறை ஊத்துங்கோ மாமா."

"அவருக்கு அதிலை என்ன தெரியும்?" என்றாள் மனைவி.

"ஐயாவுக்கு அந்தப் பானையைப் பத்தித் தெரியாதது ஒன்னுமே இல்லீங்கம்மா" என்றார் தயிரக்கா.

முதலில் சிரித்தவள் மருமகள்தான்.

அன்று மாலை நான் பால் காய்ச்சினேன். எவ்வளவு ஆறவேண்டும் என்று தெரியாமல் நின்றபோது தயிரக்கா வேலிக்கு அப்பாலிருந்து வந்து, என் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டு, "இந்தச் சூடு தெரியாத மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாள் நான் ஊற்றிய உறையில் மனைவி மத்தைச் சுழற்றினாள். வந்த வெண்ணெய் சிறிதுதான், மாடு வற்றிக்கொண்டிருந்தது. ஆயினும் நாள்தோறும் வந்தது. வேலிக்கு மேலால் அயலவர் கேட்டபோது, "பிழை எங்கட வீட்டு மனிசனிலை" என்று மனைவி உரத்த குரலில் சொன்னாள். ஒட்டுசுட்டானுக்கும் தொலைபேசி எடுத்து அதையே சொன்னாள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குச் சைக்கிளோடு சந்தியில் நின்றேன். எதிர்ப்பக்கம் மதகின்மேல் தயிரக்கா புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றார். இளைப்பாறுகிறவர்போல நின்றார். பேருந்து வந்தது. இரண்டு உர மூட்டைகள் இறங்கின. ஒரு கிழவர் இறங்கினார். அதற்கு மேல் எவரும் இறங்கவில்லை. நடத்துநர் படியில் நின்று கதவைக் கையால் தட்டினார். பேருந்து உறுமி அசைந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டடி முன்னே போனேன்.

"இறக்கம்! இறக்கம்! நிப்பாட்டுங்கோ, இன்னும் ஆள் இருக்குது!" என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. அவ்வளவு உரத்து என் மருமகள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்தில் தயிரக்கா புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, யாருக்காகவும் காத்து நிற்காதவர்போல, ஒழுங்கைக்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.